எரியும் குற்றம்: ‘ஃபிளேக்ரன்ட்’ என்ற சொல் வந்த வழி

கேள்வி இது: “‘ஃபிளேக்ரன்ட் வயலேஷன்’ என்று தீர்ப்புகளிலும் செய்திகளிலும் அடிக்கடி வருகிறது. வெட்கமில்லாமல் எல்லோரும் பார்க்கச் செய்த மீறல் என்று அகராதி சொல்கிறது. ஆனால் அதன் லத்தீன் வேருக்கு ‘எரிதல்’ என்று பொருளாம். எரிவதற்கும் வெட்கங்கெட்டதனத்துக்கும் என்ன தொடர்பு? ‘பிளேட்டன்ட்’ என்பதும் இதுவும் ஒன்றுதானா?”

விடையின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குற்றத்தைப் பற்றிப் பேசப் புகுந்த நாளில் இந்தச் சொல் குற்றத்தின் தன்மையைச் சொல்லவில்லை, நேரத்தைச் சொன்னது. குற்றம் இன்னும் ஆறவில்லை, கனன்றுகொண்டிருக்கிறது, செய்தவன் அங்கேயே சிக்கிக்கொண்டான் என்பதுதான் அதன் பொருள். அங்கிருந்து பார்வைக்கு நகர்ந்தது: எரிவது எல்லோர் கண்ணிலும் படும். பிறகு மானத்துக்கு: எல்லோரும் பார்க்கச் செய்பவனுக்கு வெட்கம் கிடையாது. கடைசியாக அளவுக்கு: இது சாதாரணத் தவறு அல்ல, பெருந்தவறு. புதிய பொருள் வந்ததும் பழையது செத்துவிடவில்லை. பிரான்சில் முதற்பொருள் இன்றும் காவல் நிலையங்களில் அன்றாடம் புழங்குகிறது. இங்கிலாந்தின் பதிப்புரிமைச் சட்டத்தில் மானம் சார்ந்த பொருள் வாழ்கிறது. அமெரிக்கக் கூடைப்பந்தில் அளவு சார்ந்த பொருள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எங்கே எந்தப் பொருள் என்று பிரித்தறியாமல் படித்தால், கடையில் ஒரு சட்டையைத் திருடிப் பிடிபட்டவரைக் கொடுங்குற்றவாளி என்று நினைத்துவிடுவோம்.

லத்தீனில் ‘ஃபிளாக்ராரே’ என்றால் கொழுந்துவிட்டு எரிதல். ‘ஃபிளேம்’ என்ற சொல்லுக்கு மூலமான ‘ஃபிளாம்மா’ இதன் உடன்பிறப்பு. பெருந்தீயைக் குறிக்கும் ‘கான்ஃபிளக்ரேஷன்’ இதிலிருந்து வந்தது. வெடிபொருள் வல்லுநர்கள் சொல்லும் ‘டிஃபிளக்ரேஷன்’ என்பதும் இதே வேர்தான். ஒலியின் வேகத்துக்குக் குறைவாக எரிந்து பரவுவது, கருமருந்து எரிவதுபோல. இன்னும் பின்னே போனால், ஒளிர்தல் என்று பொருள்படும் வடமொழியின் ‘பிராஜ்’ என்ற வேரும் இந்தக் குடும்பத்தில் சேரும். ஆங்கிலத்தில் 1500 வாக்கில் ‘ஃபிளேக்ரன்ட்’ முதலில் தலைகாட்டியபோது அதற்கு ஒளி வீசுகிற, பளபளக்கிற என்றுதான் பொருள். தீயையும் காதல் வேட்கையையும் அந்தச் சொல்லால் வருணித்தார்கள். குற்றவாடை அதில் துளியும் இல்லை.

அந்தப் பழைய பொருள் எவ்வளவு காலம் நின்றது என்பதற்குக் கவிஞர் அலெக்சாண்டர் போப் 1728இல் வெளியிட்ட ‘டன்சியட்’ நல்ல சாட்சி. ஜான் டட்சின் என்ற பத்திரிகையாளருக்கு நீதிபதி ஜெஃப்ரீஸ் 1685இல் சவுக்கடி விதித்திருந்தார். போப் தன் நையாண்டிக் கவிதையில் டட்சினைச் சவுக்கடியால் ‘ஃபிளேக்ரன்ட்’ ஆக நிற்பவராகக் காட்டுகிறார். முதுகு சிவந்து எரிகிறது என்பது நேர்ப்பொருள். சவுக்குக்கு லத்தீனில் ‘ஃபிளாக்ரும்’ என்று பெயர் என்பதால் ஒரு சிலேடையும் உண்டு. அதற்கு 22 ஆண்டுகள் முன்பே, 1706இலேயே, ‘கண்ணைக் குத்தும் அளவுக்குக் கேவலமான’ என்ற புதுப்பொருள் பதிவாகிவிட்டது. அப்படியானால் போப் காலத்து வாசகர் அந்த ஒரு சொல்லில் எரியும் முதுகையும் இழிவையும் சேர்த்தே கேட்டிருப்பார்.

அந்தப் புதுப்பொருளுக்கு வழிவிட்டது பெரும்பாலும் சட்டத்தார் வாயில் புழங்கிய லத்தீன் தொடர் என்பதே சொல்லாய்வாளர்களின் கணிப்பு. ‘இன் ஃபிளாக்ரான்டே டெலிக்டோ’, அதாவது ‘குற்றம் எரிந்துகொண்டிருக்கையில்’. 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் தொகுப்பித்த சட்டத்தில், பெண்களைக் கவர்ந்து செல்பவர்கள் பற்றிய பகுதியில், ‘குற்றம் இன்னும் எரிந்துகொண்டிருக்கும்போது’ பிடிபட்டவர்கள் என்ற சொற்சேர்க்கை வருகிறது. தொடர் அங்கிருந்து வந்தாலும் கருத்து அதைவிட ஆயிரம் ஆண்டுகள் பழையது. இந்த விஷயத்தின் சுவையே அந்தக் கருத்தில்தான் இருக்கிறது.

கி.மு. 451–450இல் எழுதப்பட்ட ரோமின் பன்னிரு பலகைச் சட்டம் திருடர்களை இரண்டாகப் பிரித்தது: செய்யும்போதே பிடிபட்டவன், பிறகு கண்டுபிடிக்கப்பட்டவன். முதலாமவன் சுதந்திர மனிதனாக இருந்தால் சவுக்கடி கொடுத்து, பொருளைப் பறிகொடுத்தவரிடமே அவனை ஒப்படைத்துவிடுவார்கள். இரண்டாமவன் பொருளின் மதிப்பைப் போல் இரு மடங்கு கட்டினால் போதும். பிற்காலத்தில் நீதி அதிகாரிகள் முதலாமவனுக்கும் உடல்தண்டனையை நீக்கிவிட்டு நான்கு மடங்கு அபராதம் என்று மாற்றினார்கள். திருடிய பொருள் ஒன்றே, திருட்டும் ஒன்றே. பிடிபட்ட நேரம் மட்டும் தண்டனையை இரட்டிப்பாக்கியது. இன்றைக்கு இது நியாயமாகப் படாது. ஆனால் அன்று அதற்குக் காரணம் இருந்தது. கையில் பொருளோடு நிற்பவனுக்குச் சாட்சி விசாரணை தேவையில்லை. பறிகொடுத்தவருடைய கோபமும் அந்த நேரத்தில் உச்சத்தில் இருக்கும். அவர் அங்கேயே அவனைக் கொன்றுபோடாமல் வழக்குமன்றத்துக்கு வரவேண்டுமானால், அங்கே கிடைக்கும் ஈடு கணிசமாக இருக்க வேண்டும்.

‘செய்யும்போதே’ என்றால் எதுவரை? இதை 2ஆம் நூற்றாண்டுச் சட்ட ஆசிரியர் காயஸ் பொறுமையாக அலசியிருக்கிறார். அவர் காலத்தில் நான்கு கருத்துகள் இருந்தன. செயல் நடக்கும் கணத்தில் பிடித்தால் மட்டுமே என்றனர் சிலர். திருடிய இடத்தைவிட்டு வெளியேறும்வரை என்றனர் வேறு சிலர். திராட்சையைத் திருடியவன் தோட்டத்துக்குள்ளேயே இருக்கும்வரை, வீட்டில் திருடியவன் வீட்டுக்குள் இருக்கும்வரை. கொண்டுபோக நினைத்த இடத்தில் பொருளைச் சேர்க்கும்வரை என்பது மூன்றாவது. பொருளோடு எப்போது காணப்பட்டாலும் சரி என்பது நான்காவது. நான்காவதை யாரும் ஏற்கவில்லை. மூன்றாவதை ஏற்றால் அது ஒரு நாளா, பல நாளா என்ற கேள்விக்கு முடிவே கிடைக்காது என்று காயஸ் தள்ளிவிட்டு, பெரும்பாலோர் இரண்டாவதை ஏற்கிறார்கள் என்கிறார். அவர் அன்று எழுப்பிய ‘ஒரு நாளா, பல நாளா’ என்ற கேள்வியை ஐரோப்பியச் சட்டங்கள் இன்றும் எண்களால் நிரப்பிக்கொண்டிருக்கின்றன.

கி.மு. 18இல் அகஸ்டஸ் கொண்டுவந்த பிறன்மனைச் சட்டம் நேரக் கணக்கில் இன்னும் கறாரானது. தன் வீட்டிலோ மருமகன் வீட்டிலோ மகளையும் அவளுடன் இருந்தவனையும் அந்தச் செயலிலேயே பிடித்தால் தந்தை கொல்லலாம். ஆனால் இருவரையும் ஏறத்தாழ ஒரே வீச்சில் கொல்ல வேண்டும். அவனைக் கொன்றுவிட்டு மகளை விட்டுவைத்தால் அது கொலைக் குற்றம். கணவனுக்கு அவ்வளவு அதிகாரம் இல்லை. பிடித்தவனைச் சாட்சிகளை அழைத்துவரும் பொருட்டு 20 மணி நேரத்துக்கு மிகாமல் அடைத்துவைக்கலாம். குற்றத்தின் சூட்டுக்குச் சட்டம் மணிக்கணக்கில் ஆயுள் குறித்தது இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. ‘இன் ஃபிளாக்ரான்டே டெலிக்டோ’ என்ற தொடர் இன்றைய ஆங்கிலத்தில் கள்ள உறவில் படுக்கையில் பிடிபடுவதையே பெரும்பாலும் குறிப்பதற்கும் இந்த வகை வழக்குகள்தான் பின்னணி. லத்தீன் தொடரில் பாலுறவு பற்றிய குறிப்பு எதுவுமே கிடையாது.

ரோமச் சட்டத்தைப் பின்பற்றிய நாடுகளில் கருத்து அப்படியே தொடர்ந்தது. நெப்போலியன் காலத்தில், 1808இல், வந்த குற்ற விசாரணைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு ‘இப்போது நடந்துகொண்டிருக்கிற, அல்லது இப்போதுதான் நடந்து முடிந்த குற்றம்’ என்று இதற்கு வரையறை தந்தது. இன்றைய பிரெஞ்சுக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 53ஆம் பிரிவும் அதே சாயலில்தான் இருக்கிறது. செயலுக்கு மிக நெருங்கிய நேரத்தில் மக்கள் கூக்குரலிட்டுத் துரத்த ஒருவர் ஓடினாலும், குற்றத்தோடு தொடர்புடைய பொருளோ தடயமோ அவரிடம் காணப்பட்டாலும் அதுவும் இதில் அடங்கும். இப்படிப்பட்ட குற்றம் என்று ஆகிவிட்டால் காவல்துறைக்குக் கூடுதல் அதிகாரங்கள் கிடைக்கின்றன. வீட்டைச் சோதனையிட வீட்டுக்காரரின் ஒப்புதல் வேண்டியதில்லை. அந்த விசாரணை இடையறாமல் 8 நாள் நடக்கலாம். 5 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இருந்தால் அரசு வழக்குரைஞர் மேலும் 8 நாள் நீட்டிக்கலாம். இடையறாமல் என்பது முக்கியம்: விசாரணை நடுவில் அறுபட்டால் இந்த அதிகாரங்கள் போய்விடும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தேடுவதும் அந்த இடைவெளியைத்தான்.

இத்தாலி இதில் விநோதமான ஒரு வளர்ச்சியைக் கண்டது. விளையாட்டரங்க வன்முறையில் ஈடுபட்டவர்களைக் கூட்டத்துக்குள் புகுந்து பிடித்தால் கலவரம் பெரிதாகும் என்பதால், காணொளியில் ஆள் அடையாளம் தெளிவாகத் தெரிந்தால் சம்பவம் நடந்து 48 மணி நேரம் வரை கைது செய்யலாம், அதுவும் ‘எரியும் குற்றமாகவே’ கருதப்படும் என்று சட்டம் செய்தார்கள். 2023ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ‘தள்ளிவைத்த’ வகையைக் குடும்ப வன்முறைக்கும் விரித்தது. தீ அணைந்திருக்கலாம், ஆனால் அதன் படம் இருக்கிறது என்பதே இதன் தர்க்கம்.

இதன் எல்லையைச் சோதித்தது பிரேசில். அங்கே பேச்சுவழக்கில் 24 மணி நேரத்துக்குள் பிடிபட்டால்தான் ‘ஃபிளக்ரான்ட்டே’ என்று பலர் நம்புகிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு எண்ணே இல்லை. ‘உடனே பிறகு’ என்ற வகையில்தான் சொற்கள் இருக்கின்றன. 1988ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 53ஆம் பிரிவுப்படி நாடாளுமன்ற உறுப்பினரைக் கைது செய்ய வேண்டுமானால், அவர் பிணை மறுக்கப்படும் குற்றத்தை நிகழ்த்துகையில் பிடிபட வேண்டும். 2021 பிப்ரவரி 16 இரவு டேனியல் சில்வேரா என்ற உறுப்பினர் உச்ச நீதிமன்ற நீதிபதிகளைத் தாக்கியும் சர்வாதிகாரக் காலச் சட்டத்தைப் புகழ்ந்தும் வெளியிட்ட காணொளிக்காகக் கைதானார். அவர் பேசி முடித்துவிட்டாரே, குற்றம் எங்கே எரிகிறது? காணொளி இணையத்தில் இன்னும் கிடைக்கிறது, ஆகவே குற்றம் நிகழ்ந்துகொண்டே இருக்கிறது என்றார் நீதிபதி அலெக்ஸாண்ட்ரே டி மோரயஸ். மறுநாள் நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக அதை ஏற்றார்கள். கீழவை 364க்கு 130 என்ற வாக்கில் கைதை உறுதிசெய்தது. அழிக்கும்வரை எரிந்துகொண்டே இருக்கும் குற்றம் என்ற வாதம் கவலை தருகிறது. அதை ஏற்றால் இந்த விதிவிலக்குக்கு நேர எல்லையே இல்லாமல் போகும். நேர எல்லைதான் இந்தக் கருத்தின் உயிர். காயஸ் மூன்றாவது கருத்தைத் தள்ளியதும் அந்தக் காரணத்துக்காகவே.

இனி இங்கிலாந்து. அங்கே ரோமச் சட்டம் வேரூன்றவில்லை. செய்யும்போது பிடிப்பதற்கு அவர்களிடம் சொந்தச் சொற்கள் இருந்தன. பழைய ஆங்கிலச் சட்டம் களவுப் பொருளைக் கையில் வைத்திருப்பவன், முதுகில் சுமப்பவன் என்று பேசியது. கையையும் களவையும் சேர்த்து நாம் ‘கையும் களவுமாக’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதே பார்வை. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் 1432இலேயே ‘சிவந்த கை’ என்ற வழக்கு வருகிறது, அதாவது இரத்தம் தோய்ந்த கை. அதிலிருந்து வந்த ‘ரெட் ஹேண்டட்’ என்ற வடிவத்தை வால்டர் ஸ்காட் தன் ‘ஐவன்ஹோ’ நாவலில் பரவச் செய்தார். துரத்திப் பிடிக்கக் கூக்குரல் எழுப்பும் கடமையை 1285ஆம் ஆண்டு வின்செஸ்டர் சட்டம் ஊராருக்கே விதித்தது.

ஆக, ‘ஃபிளேக்ரன்ட்’ செய்ய வேண்டிய வேலையை ஆங்கிலச் சட்டத்தில் வேறு சொற்கள் பார்த்துக்கொண்டன. கட்டுப்பாடு இல்லாத சொல் எளிதில் நகரும். பிரெஞ்சிலும் ‘கண்கூடான’ என்ற விரிந்த பொருள் உண்டு என்றாலும், சட்டத்தின் பிடி அங்கே சொல்லை அதன் நேரப் பொருளோடு கட்டிவைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் பிடி இல்லாததால் அது ஒழுக்கத் தீர்ப்பாக மாறிவிட்டது என்பது என் கருத்து. ‘ஃபிளஜிஷஸ்’ என்று இன்னொரு ஆங்கிலச் சொல் இருந்தது. மானக்கேடான செயல் என்று பொருள்படும் ‘ஃபிளாகிட்டியும்’ என்ற லத்தீன் சொல்லின் வழியில் 14ஆம் நூற்றாண்டில் வந்தது. வெட்கக்கேட்டை உண்மையிலேயே வேரிலிருந்து சுமந்த சொல் அதுதான். இன்று அதை யாரும் பேசுவதில்லை.

இப்போது இந்தச் சொல்லைச் சட்டமும் விளையாட்டும் எப்படி அளக்கின்றன என்று பார்க்கலாம். பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 97(2) பிரிவு, மீறலின் ‘ஃபிளேக்ரன்சி’யையும் மீறியவர் அடைந்த ஆதாயத்தையும் கருதி, வழக்கமான இழப்பீட்டுக்கு மேல் கூடுதல் தொகை விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இது இருந்தது. 1980இல் தீர்ப்புத் தொகுப்பில் வெளிவந்த ரேவன்ஸ்கிராஃப்ட் எதிர் ஹெர்பர்ட் வழக்கில் நீதிபதி பிரைட்மன் இதற்குப் பொருள் சொன்னார்: கேவலமான நடத்தை, வஞ்சகம் போன்றவை இருக்க வேண்டும், தெரிந்தே கணக்குப்போட்டுச் செய்த மீறலும் அதில் அடங்கும். இங்கே ‘வெளிப்படை’ என்பது காணாமல் போய்விட்டதைக் கவனியுங்கள். ஒளித்து மறைத்துச் செய்த வஞ்சகமும் இந்தச் சட்டத்தில் ‘ஃபிளேக்ரன்ட்’ ஆகலாம். அதனால் அந்தப் பிரிவைத் தமிழில் ‘பகிரங்க மீறல்’ என்று எழுதினால் வாசகரைத் தவறான பக்கம் அனுப்பிவிடுவோம்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1989இல் சோரிங் வழக்கில் ‘நியாயமான விசாரணை ஃபிளேக்ரன்ட் ஆக மறுக்கப்படும்’ அபாயம் என்ற அளவுகோலை வைத்தது. ஒருவரை வேறு நாட்டுக்கு அனுப்பினால் அங்கே அவருக்கு அந்தக் கதி நேரும் என்று காட்ட வேண்டும். அளவு மிக உயரம்: விசாரணையில் சில குறைகள் இருப்பது போதாது, நியாயமான விசாரணை என்ற உரிமையின் சாரமே அழிந்துபோகும் அளவுக்கு இருக்க வேண்டும். அந்த அளவுகோலின்படி நியாயமான விசாரணைக்கான உரிமையே மீறப்படும் என்று நீதிமன்றம் வெளியேற்ற வழக்கு ஒன்றில் முதன்முறை தீர்ப்பளித்தது 2012 ஜனவரியில், அபு கத்தாதா என்று அறியப்பட்ட ஓத்மனின் வழக்கில். ஜோர்டானில் சித்திரவதை மூலம் பெறப்பட்ட சாட்சியம் அவருக்கு எதிராகப் பயன்படும் என்பதே காரணம். அதற்கு முன் 22 ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கதவு ஒருமுறைகூடத் திறக்கவில்லை. பிறகு பிரிட்டனும் ஜோர்டானும் ஒப்பந்தம் செய்துகொண்ட பின் 2013 ஜூலையில்தான் அவர் அனுப்பப்பட்டார். ஈழத்தமிழர் புகலிட வழக்குகளில் இந்த அளவுகோலைச் சந்திப்பவர்கள், ‘வெளிப்படையாகத் தெரிகிறதே’ என்று வாதாடுவது போதாது என்பதை அறிந்திருக்க வேண்டும். இங்கே கேட்கப்படுவது வெளிப்படை அல்ல, அழிவின் ஆழம்.

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் ‘ஃபிளேக்ரன்ட் ஃபவுல்’ இரண்டு வகை. தேவையில்லாத உடல் மோதல் முதல் வகை. தேவையில்லாததோடு மிதமிஞ்சியதாகவும் இருந்தால் இரண்டாம் வகை, செய்தவர் ஆட்டத்தைவிட்டே வெளியேற வேண்டும். முதல் வகையை ஒரே ஆட்டத்தில் இருமுறை செய்தாலும் வெளியேற்றம்தான். இரண்டு வகையிலும் எதிரணிக்கு 2 தடையற்ற எறிவுகளும் பந்தும் கிடைக்கும். பிளே ஆஃப் சுற்றுகளில் முதல் வகைக்கு 1 புள்ளி, இரண்டாம் வகைக்கு 2 புள்ளி என்று கணக்கு ஏறும். 3ஐத் தாண்டினால் அடுத்த ஆட்டத்தில் இடமில்லை. 2016 இறுதிச் சுற்றில் டிரேமண்ட் கிரீன் அப்படித்தான் 5ஆம் ஆட்டத்தை இழந்தார். 4ஆம் ஆட்டத்தில் அவர் செய்ததை, ஆட்டம் முடிந்த பிறகு முதல் வகை என்று அறிவித்தார்கள். 3–1 என்று முன்னிலையில் இருந்த அவருடைய அணி 4–3 என்று கோப்பையைப் பறிகொடுத்தது. நடுவர் பார்ப்பது மோதலின் அளவைத்தான். செய்தவருக்கு வெட்கம் இருந்ததா, கெட்ட எண்ணம் இருந்ததா என்பது கேள்வியே அல்ல. ஆட்டத்துக்குப் பிறகும் ஒளிப்பதிவைப் பார்த்து முடிவு செய்ய முடியும் என்பதால், ‘செய்யும்போதே பிடிபடுதல்’ என்ற மூலப்பொருளும் அறவே இல்லை.

இனி ‘பிளேட்டன்ட்’. ஆங்கிலப் பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், ஆனால் பிறப்பில் எந்த உறவும் இல்லை. ஒன்று தீயில் பிறந்தது, மற்றது சத்தத்தில். இதை உருவாக்கியவர் யார் என்பதும் தெரியும்: எட்மண்ட் ஸ்பென்சர், ‘ஃபேரி குயின்’ காவியத்தின் 1596ஆம் ஆண்டுப் பகுதியில். அதில் வரும் ‘பிளேட்டன்ட் பீஸ்ட்’ அவதூறின் உருவம். ஆறாம் காண்டத்தில் அதன் வாய்க்குள் ஆயிரம் நாக்குகள். நாய், பூனை, கரடி, புலி, பாம்பு என்று பலவற்றின் நாக்குகள் இருந்தாலும் மிகுதி மனித நாக்குகளே. வீரன் கேலிடோர் அதற்கு இரும்பு வாய்ப்பூட்டு போட்டு, சங்கிலியில் கட்டி இழுத்துச் செல்கிறான். பின்னொரு நாள் அது சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிடுகிறது. பிதற்றுதல் என்று பொருள்படும் ‘பிளாட்டிரே’ என்ற லத்தீன் சொல்லோ, ஆடு கத்துவதைக் குறிக்கும் ஸ்காட்லாந்துச் சொல்லோ அவர் மனத்தில் இருந்திருக்கலாம்.

அந்த விலங்கு முதலில் தோன்றுவது ஐந்தாம் காண்டத்தின் முடிவில். நீதியின் வீரன் ஆர்ட்டிகல் திரும்பி வரும் வழியில் பொறாமையும் புறங்கூறலும் அதை அவன்மேல் ஏவிவிடுகின்றன. ஆர்ட்டிகலின் பின்னால் இருப்பவர் அயர்லாந்தில் எலிசபெத் அரசியின் பிரதிநிதியாக இருந்த கிரே பிரபு என்பது அறிஞர்களின் பொதுக் கருத்து. ஸ்பென்சர் அவருடைய செயலாளர். 1580இல் ஸ்மெரிக் கோட்டையில் சரணடைந்த சுமார் 600 பேரை கிரே கொன்றுபோட்டார். அவரைப் பற்றிய கண்டனங்கள்தான் காவியத்தில் விலங்கின் குரைப்பாகின்றன. இந்தச் சொல்லின் பயணத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்: பிறந்தபோது ‘பிளேட்டன்ட்’ கொடுமை செய்தவரைச் சுட்டவில்லை, அவர்மீது குற்றம் சொன்ன வாய்களைச் சுட்டியது. 1650களில் காதுக்கு அருவருப்பான கூச்சல் என்று பொதுப்பொருள் கொண்டது. 1828ஆம் ஆண்டு வெப்ஸ்டர் அகராதி ‘கன்றுபோலக் கத்துகிற’ என்றுதான் பொருள் தருகிறது. கண்ணுக்கு அப்பட்டமாகத் தெரிகிற என்ற பொருள் 1889 வாக்கில்தான் பதிவாகிறது. அதன் பிறகே அது குற்றம் சொல்பவரைவிட்டுக் குற்றத்தின்மேல் போய் ஒட்டிக்கொண்டது.

நல்ல ஆங்கிலத்தில் வேறுபாட்டை இப்படிக் காக்கிறார்கள்: செய்தவர் மறைக்கவே முயலவில்லை என்பதை அழுத்த ‘பிளேட்டன்ட்’, செயல் எவ்வளவு கொடிது, எந்த விதியை எவ்வளவு ஆழமாக மிதிக்கிறது என்பதை அழுத்த ‘ஃபிளேக்ரன்ட்’. பொய்யை ‘பிளேட்டன்ட்’ என்பது வழக்கம், உரிமை மீறலை ‘ஃபிளேக்ரன்ட்’ என்பது வழக்கம். தவறே அல்லாத ஒன்றை, வெறுமனே தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக ‘ஃபிளேக்ரன்ட்’ என்று எழுதினால் அது பிழை. எழுத்துப் பிழையில் அடிக்கடி சிக்குவது ‘ஃபிரேக்ரன்ட்’, அதாவது நறுமணமுள்ள. ல–ர மயக்கம் லத்தீன் ஏட்டுப் பிரதிகளிலேயே இருந்தது. எரிதலும் மணத்தலும் ஓரெழுத்து வேறுபாட்டில் மாறி மாறி எழுதப்பட்டிருக்கின்றன.

இதே வரிசையில் வரும் ‘இக்ரீஜியஸ்’ பற்றிச் சுருக்கமாக: லத்தீனில் மந்தையிலிருந்து தனித்து நிற்பது, ஆகவே சிறப்பானது. இத்தாலியில் கடித முகப்பில் இன்றும் ‘எக்ரேஜோ’ என்று மரியாதையாக எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அது குத்தலாகச் சொல்லப்பட்டு, ‘மிக மோசமான’ என்ற எதிர்ப்பொருளுக்குப் போய்விட்டது. இந்தியச் சட்டத்தில் இதற்கு ஒரு நிலையான வேலை உண்டு: வங்கி உத்தரவாதத்தைப் பணமாக்குவதைத் தடுக்க ‘இக்ரீஜியஸ்’ தன்மை கொண்ட மோசடியைக் காட்ட வேண்டும், அல்லது ஈடுசெய்ய முடியாத பாதிப்பைக் காட்ட வேண்டும். சிங் கன்சல்டன்ட்ஸ் வழக்கு முதல் உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. அங்கே ‘அப்பட்டமான மோசடி’ என்று பெயர்ப்பது போதாது. ஒப்பந்தத்தின் அடித்தளத்தையே கெடுக்கும் மோசடி என்று விரித்தால்தான் வாதம் பிடிபடும்.

தமிழில் எழுதும்போது ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்ளாமல் இடம் பார்த்து மாற்ற வேண்டும். ‘பிளேட்டன்ட்’ வந்தால் ‘அப்பட்டமான’ ஏறக்குறைய எப்போதும் பொருந்தும். நம் நாளிதழ்கள் ‘பட்டப்பகலில் துணிகரம்’ என்று போடுவதில் உள்ள ‘துணிகரம்’, அஞ்சாமையை அழுத்தும் ‘பிரேசன்’ என்ற சொல்லுக்கு உரியது. பிரெஞ்சுக் காவல்துறைத் தாள்களில் ‘ஃபிளக்ரான் தெலி’ என்று கண்டால் ‘கையும் களவுமாகப் பிடிபட்டது’ என்றே பெயர்க்க வேண்டும். பாரிஸில் தமிழருக்கு மொழிபெயர்க்கிறவர்கள் அதைக் ‘கொடிய குற்றம்’ என்று சொன்னால், வீணாகக் குடும்பத்தாரை நடுங்கவைத்துவிடுவார்கள். சாதாரணக் கடைத் திருட்டுக்கும் அதே தலைப்புதான். பிரிட்டன் பதிப்புரிமைத் தீர்ப்பில் ‘வெட்கங்கெட்ட, தெரிந்தே செய்த மீறல்’ என்பது பிரைட்மன் சொன்னதற்கு நெருங்கும். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் தொடருக்கு ‘நீதியை அடியோடு மறுத்தல்’ என்பதே சரி.